இங்கே இல்லாத ஆள்

வண்டி திருத்துகிறவர்கள் பொனெட்டைத் திறந்ததும் முதலில் செய்வது, தங்களுக்கு முன்னால் அதில் கை வைத்தவனைத் திட்டுவது. நான் பார்த்த மூன்று பேரும் அப்படித்தான் செய்தார்கள். நான்காவது ஆள் செய்யவில்லை. தெரணியகலையிலிருந்து கீழே இறங்கும் வழியில், ஒரு வளைவில், தகரக் கூரை போட்ட கராஜ் வைத்திருந்தார். எல்லாரும் அவரைப் பாஸ் என்று கூப்பிட்டார்கள். மேசனுக்கும் தச்சனுக்கும் மெக்கானிக்குக்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. ஆள் இல்லாத இடத்தில் ஆளைப் பற்றிப் பேசுவது அவருக்கு ஆகாது. இப்படி எழுதுவதும் பிடிக்காது. பெயரையாவது விட்டுவிடுகிறேன்.

நான் ரப்பர் தோட்டத்து ஆபீசில் இருபத்தாறு வருடமாகக் கிளாக்கர். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன். எத்தனை மில்லிமீட்டர் மழை, பால்வெட்டு நடந்ததா இல்லையா, யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டோம். என் மனைவி தோட்டத்துப் பாடசாலையில் டீச்சர். அவளுடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு நாட்குறிப்பில் வேறு விஷயங்கள் சேர்ந்தன. செவ்வாயும் வெள்ளியும் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பஸ்ஸில் நின்று போகிற உடம்பில்லை. எங்கள் பாதையில் த்ரீவீலில் போனால் குலுக்கலிலேயே பாதி உயிர் போய்விடும். அதற்காகத்தான் கார் வாங்கினேன்.

கார் இரத்தினபுரியில் ஒரு சிங்களப் பொடியனுடையது. அவனுக்கு மாணிக்கக் குழி ஒன்றில் பங்கு இருந்தது. குழி கல் கொடுத்த காலத்தில் அந்த ஜப்பான் காரின் எஞ்சினைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தான். பெரிய டர்போ, பெரிய பம்ப், கம்பியூட்டரிலும் திருத்தம். குழி கொடுக்காமல் போனபோது விற்றான். எனக்கு அந்த வேகம் எதுவும் வேண்டியதில்லை. வண்டி அகலமாக இருந்தது, பின் ஆசனத்தில் அவளால் கால் நீட்டிப் படுக்க முடிந்தது. அது போதும் என்று வாங்கினேன்.

முதல் வருடம் ஒரு குறையுமில்லை. பிறகு ஏற்றத்தில் நிற்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, தோட்டத்துப் பாதையின் இரண்டாவது வளைவில், இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டு ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டாள். நான் இறங்கி நின்று நேரம் குறித்துக்கொள்வேன்.

மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினேன். ஸ்கேனரைச் சொருகினால் மூன்று பேருக்கும் ஒரே பதில் வந்தது: எரிபொருள் அழுத்தம் குறைவு. முதலாமவர் எஞ்சின் மேலிருந்த பம்பை மாற்றினார். இரண்டாமவர் அழுத்தம் பார்க்கிற சென்சரை மாற்றினார். மூன்றாமவர் முன்னிருவரையும் திட்டிவிட்டு, எல்லாம் அந்தப் பொடியன் செய்த வேலை, இனித் திருத்த முடியாது என்றார். நானும் அதையே நாட்குறிப்பில் எழுதினேன். பின்னால் எண்ணிப் பார்த்தபோது 'அந்தப் பொடியன்' என்று ஒன்பது இடத்தில் இருந்தது.

பாஸிடம் போன முதல் நாள் இதையெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். தேதிவாரியாக எழுதிய தாளும் கையில் இருந்தது. அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், கழுத்தில் சிறிய சிலுவை, இடது கையில் சுண்டுவிரல் மடங்காது. தாளை வாங்கி முழுக்கப் படித்தார்.

"பாஸ், அந்தப் பொடியன் எஞ்சினை நாசமாக்கிட்டான்" என்றேன்.

"அவர் இங்க இல்லைங்களே" என்றார்.

"எவர்?"

"வண்டிய வித்தவரு. அவரக் கேக்க முடியாதில்ல. நீங்க இருக்கீங்க, உங்களக் கேக்கிறேன். டேங்குல பெற்றோலத் தவிர வேற ஏதாச்சும் ஊத்துனீங்களா, கிளாக்கரய்யா?"

"இல்ல பாஸ். பெற்றோல் மட்டுந்தான்."

"ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தாளை மடித்துத் தந்தார். அன்றைய நாட்குறிப்பில் அந்தக் கேள்வியும் பதிலும் இருக்கின்றன. பதிலில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் இன்று படிக்கும்போது கூசுகிறது.

அவரோடு பழகுவது களைப்பான விஷயம். நம் பேச்சில் பாதி இல்லாத ஆட்களைப் பற்றியது என்பது அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் தெரியும். அதை எடுத்துவிட்டால் மழையையும் வெயிலையும் தவிரப் பேச எதுவும் மிஞ்சாது. கராஜுக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. யாராவது யூனியன் தலைவரைப் பற்றியோ அடுத்த லயத்து வீட்டுப் பெண்ணைப் பற்றியோ தொடங்கினால், பாஸ் சத்தம் போடமாட்டார். புத்தி சொல்லவும் மாட்டார். கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய் நிற்பார். அவ்வளவுதான். ஒருநாள் நல்ல மழை. அவர் தகரத்துக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நனைந்தபடி குடித்தார். கடைக்காரர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்:

"உள்ள வாங்க பாஸ், தலைவரு கத முடிஞ்சிருச்சு!"

"அடுத்து யாருங்க?"

"அடுத்து நீங்கதான். வெளிய நிக்கிறீங்கள்ல!"

கடை முழுக்கச் சிரித்தது. பாஸும் சிரித்தார். ஆனால் கிளாஸைக் காலிசெய்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அந்தச் சுண்டுவிரலைப் பற்றியும் ஒருமுறை கேட்டேன். முன்பு வேலை செய்த கராஜில் பெல்ட்டுக்குள் கை இருந்தபோது யாரோ எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டாராம்.

"யாரு ஸ்டார்ட் பண்ணது?"

"அவர் இங்க இல்லைங்க."

"சும்மா சொல்லுங்க பாஸ். நான் யாருகிட்ட சொல்லப்போறேன்?"

"அவரு எதுக்கு சாவிய திருப்புனாருன்னு அவருதான சொல்லணும். நான் சொன்னா அது என் கதை. வண்டியும் அப்பிடித்தாங்க. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்துல பழிய வச்சிட்டா, அதுக்கு அப்பறம் யாரும் பழுதைத் தேட மாட்டாங்க."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அவர் ஸ்கேனரை நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். அது சொன்னதற்கு மேல் அதை நம்பவில்லை. "அழுத்தம் இல்லன்னுதான் சொல்லுது. ஏன் இல்லன்னு அதுக்குத் தெரியாது" என்றார். இந்த எஞ்சினில் பெற்றோல் நேராகச் சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. அதற்கு இரண்டு பம்ப். டேங்குக்குள் இருப்பது பெற்றோலை முன்னால் அனுப்புகிறது. எஞ்சின் மேல் இருப்பது அதை வாங்கிப் பல மடங்கு அழுத்துகிறது. பின்னாலிருந்து வராவிட்டால் முன்னால் இருப்பது எதை அழுத்தும்? இதை அவர் ஒரு டம்ளரையும் இரண்டு விரலையும் வைத்து என் மனைவிக்குக் காட்டினார். அவள் டீச்சர் என்பதால் அவளிடம்தான் விளக்குவார். அவளும் பாடம் கேட்கிற பிள்ளை போலக் கேட்டாள்.

பிறகு டேங்கிலிருந்து வரும் குழாயில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி, நீண்ட ஹோஸ் கொடுத்து, அதை முன் கண்ணாடிக்கு வெளியே பழைய டியூப் பட்டியால் கட்டினார். ஓட்டிக்கொண்டே முள்ளைப் பார்க்கலாம்.

"டீச்சரம்மா இருக்கும்போதுதான நிக்குது? அதே பாரம் வேணும்" என்றார்.

"நான் வேணும்னா ஏறிக்கிறேன்" என்றாள் அவள்.

"வேணாம்மா. உங்களுக்குப் பதிலா அரிசி மூட்டை வரும்."

"எத்தனை கிலோ வைப்பீங்க?"

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா வம்பு."

அவள் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது குறைவு. அதனால் குறித்துவைத்திருக்கிறேன்.

தட்டையான இடத்தில் முள் ஐந்தில் நின்றது. முதல் வளைவில் நாலரை. இரண்டாவது வளைவுக்கு முன் மூன்று, இரண்டு, பிறகு வண்டி நின்றது. பாஸ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். மறுபடி ஸ்டார்ட் செய்தார். முள் ஐந்துக்குப் போய் நின்றது.

"டேங்குக்குள்ளதாங்க. எதுவோ வந்து வாய அடைக்குது. உறிஞ்சுறத நிறுத்துனா கீழ விழுந்துருது. பெரிய பம்ப்பு, பலமா உறிஞ்சுது, அதான் ஏத்தத்துல சீக்கிரம் அடைக்குது."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று அன்று எழுதவில்லை.

பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற மாதங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் பெற்றோல் இல்லாவிட்டால் என் மனைவி என்ன ஆவாள் என்பதைத் தவிர வேறெதையும் நான் அப்போது யோசிக்கவில்லை. ஒரு லொறிக்காரர் மூலம் கொஞ்சம் கிடைத்தது. கேனில் வாங்கி வைப்பது தடை. வீட்டில் கேனும் இல்லை. தோட்டத்தில் ரப்பர் பால் கொண்டுபோகிற கேன்கள் இருந்தன. பால் கங்காணியிடம் இரண்டை வாங்கி வந்து மூன்று வாரம் நிரப்பி வைத்தேன். பால் கேனை எத்தனை முறை கழுவினாலும் உட்சுவரில் மெல்லிய தோல் போலப் பால் காய்ந்திருக்கும். அது பெற்றோலில் ஊறினால் கொழகொழவென்று பசையாகும். ஒட்டுப்பாலைப் பெற்றோலில் ஊறவைத்துத்தான் எங்கள் தோட்டத்தில் சைக்கிள் டியூபுக்குப் பசை செய்கிறோம். இது தெரியாத ஆள் எங்கள் லயங்களில் இல்லை. எனக்கும் தெரியும். அன்றைய நாட்குறிப்பில் எத்தனை லீட்டர் ஊற்றினேன் என்று இருக்கிறது. எதிலிருந்து ஊற்றினேன் என்று இல்லை.

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேன் தோட்டத்துடையது, நான் ஆபீஸில் இருக்கிற ஆள். அத்தோடு, அதுவரை 'அந்தப் பொடியன்' என்று எழுதிய இடங்களும் இருந்தன.

பாஸ் உடனே டேங்கைத் திறக்கவில்லை. பின் ஆசனத்தைத் தூக்கி மூடியைப் பார்த்துவிட்டு, "இது கம்பெனி பம்ப்பு இல்லைங்க. வயரும் வேற மாதிரி இழுத்திருக்கு. வச்சவரக் கேக்காம பெற்றோல் டேங்குல கை வைக்கமாட்டேன். நம்பர் தாங்க" என்றார். என் முன்னாலேயே போன் எடுத்து, மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார். அந்தப் பொடியன் போனிலேயே சொல்லியிருக்கலாம். அடுத்த வாரச் சனிக்கிழமை நேரே வருவதாகச் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய இரண்டு செவ்வாயும் வண்டி வேறு ஏற்றத்திலும் நின்றது. தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் சிறு மேட்டில், போகும்போதே. பத்து நிமிடம் விட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆள் அனுப்பித் த்ரீவீல் வந்து சேர்வதற்குள் அவளுடைய முறை கடந்துவிட்டது. இரண்டு முறை தவறியது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். இரண்டாவது முறையும் நாட்குறிப்பில் அந்தப் பொடியனைத்தான் திட்டினேன். அது ஒன்பதாவது இடம்.

சனிக்கிழமை காலை இரண்டு பஸ் மாறி அவன் வந்தான். அவன் என்று எழுதிப் பழகிவிட்டேன். அவர் வந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும், தேய்ந்த செருப்பு, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கொப்பி. நேரே வண்டியிடம் போய்க் கதவில் கை வைத்தார். பிறகுதான் எங்களைப் பார்த்தார். கராஜ் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் காலைப் பார்த்துவிட்டு, "அக்கே, இந்த வண்டியிலயா ஆஸ்பத்திரிக்குப் போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றாள். "தெரிஞ்சிருந்தா முன்னாடியே வந்திருப்பேன்" என்றார்.

கொப்பியில் எல்லாம் எழுதியிருந்தது. எந்தப் பம்ப், எந்த வயர், என்று மாற்றியது, விற்பதற்கு முந்தைய வாரம் டேங்குக்குள் பெற்றோலை வடிக்கும் வடியைக் கழுவியது, அதன் படம் போனில். வெள்ளையாக, சுத்தமாக. நான் வைத்திருக்க வேண்டிய கொப்பி அது.

பாஸ் வயரைக் கழற்றி, பம்பை மெல்ல வெளியே எடுத்தார். அதன் அடியில் இருந்த வடியை ஒரு பழுப்பு நிறத் தோல் போர்த்தியிருந்தது. பாஸ் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அறுபடவில்லை. ஒரு முழம் நீண்டு, நூலாகி, திரும்பச் சுருங்கியது.

"இது என்ன?" என்று கேட்டார் இரத்தினபுரிக்காரர். மாணிக்கக் குழிக்காரருக்கு அது தெரிய நியாயமில்லை. எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

பாஸ் அதைத் துணியில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"என்னாங்க இது, கிளாக்கரய்யா?"

குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. முதல் நாள் கேட்ட அதே மாதிரிதான் கேட்டார். நான் சொன்னேன்: "வரிசை நேரத்துல பால் கேன்ல கொஞ்சம் வாங்கி வச்சோம் பாஸ். அந்தக் கங்காணி கேனச் சரியாக் கழுவாம..."

"கங்காணி இங்க இல்லைங்களே."

பாஸ் நீட்டிய துணியை வாங்கிக்கொண்டேன். என் மனைவிதான் பேசினாள். மூச்சு வாங்கியதால் விட்டு விட்டுப் பேசினாள்.

"கங்காணி வெந்நி ஊத்திக் கழுவித் தாறேன்னுதான் சொன்னாரு. நீங்கதான் வேணாம், யாராச்சும் பாத்துருவாங்கன்னு அவசரமா வாங்கிட்டு வந்தீங்க."

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"வளைவுல நிக்கிறப்ப எல்லாம் அதத்தான் நெனச்சேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பாஸ் இரத்தினபுரிக்காரரிடம் சிங்களத்தில் இரண்டே வார்த்தை சொன்னார்: ரப்பர் பால். அவர் தலையாட்டினார். சிரிக்கவில்லை. "நான் செய்த வேலையோன்னு பயந்துட்டேன்" என்றார். பிறகு இருவரும் டேங்கை இறக்கி, மத்தியானம் வரை மாறி மாறிக் கழுவினார்கள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வேறு வேலை எனக்கு யாரும் தரவில்லை.

சாயங்காலம் அரிசி மூட்டை இல்லாமல், மனைவியையே பின்னால் ஏற்றிக்கொண்டு போனோம். இரண்டாவது வளைவில் முள் ஐந்தில் இருந்தது. வண்டி நிற்காமல் ஏறியது. அவள் பின்னாலிருந்து, "இனி அந்த மரத்தையெல்லாம் பாக்க முடியாது" என்றாள். வளைவு தாண்டி, நானாகவே வண்டியை ஓரங்கட்டி, பத்து நிமிடம் நிறுத்தினேன்.

இதைப் பாஸ் யாரிடமும் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கடையில் என்னை வைத்துக்கொண்டே, "கிளாக்கரய்யா வண்டில என்னாதான் பழுது?" என்று கேட்டார்கள். "வடி அடச்சிருச்சு" என்றார். எதனால் என்று கேட்டதற்கு, "அவருதான் பக்கத்துலயே இருக்காரே, கேளுங்க" என்றார். அப்போதும் நான், "ஏதோ குப்ப" என்றுதான் சொன்னேன். பாஸ் தன் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அதற்குப் பிறகு ஒரு வருடமும் ஏழு மாதமும் இருந்தாள். ஒரு முறைகூடத் தவறவில்லை. ஆனாலும் இருதயம் ஏற்கனவே களைத்திருந்தது என்றார்கள். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

துக்க வீட்டுக்கு இரண்டாம் நாள் காலை பாஸ் வந்தார். வெள்ளைச் சட்டை, நகத்தில் போகாத கறுப்பு. முற்றத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கஹவத்தையிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அண்ணன் என் பக்கத்தில் இருந்தார். அழுது ஓய்ந்தவர், பேச்சில் இறங்கினார்.

"அந்த ரெண்டு வாரம் போகாம விட்டதுதான் மச்சான், தங்கச்சி அதுலதான் விழுந்துச்சு. ஒழுங்கான வண்டியா இருந்திருந்தா? அந்த இரத்தினபுரிப் பொடியன் செஞ்ச வேலை. ஒடஞ்ச வண்டிய ஒங்க தலயில கட்டிட்டு, அவன் நல்லாருப்பானா?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எதிரே பாஸ் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும்.

"அவரு இங்க இல்ல மச்சான்" என்றேன். "நான் இருக்கேன். அது நான் ஊத்துன பெற்றோல்."

மச்சான் என்னைப் பார்த்தார். வாசலருகே போயிருந்த பாஸ் திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, மிச்சம் இருந்த தேத்தண்ணியைக் குடித்தார்.